காசு கொடுத்து வாங்கும் தக்காளி வளர்ப்புக் கையேடுகள்: தேறுமா?

கேள்வி, மார்ச் 3

தொட்டியில் தக்காளி வைத்திருக்கிறேன். செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பூவும் கொத்துக் கொத்தாக வருகிறது. ஆனால் ஒன்றுகூடக் காயாகவில்லை. காம்பின் நடுவில் இருக்கும் மூட்டில் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. இதற்கு வழி தேடும்போது ஒரு கையேட்டின் விளம்பரம் கண்ணில் பட்டது. "பெரிய விவசாயிகள் வெளியே சொல்லாத ரகசியங்கள்" என்கிறார்கள். பிடிஎஃப் ஒன்று, கூடவே இலவச இணைப்புகள், பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் பணம் வாபஸ். இந்த மாதிரிக் கையேடுகளில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா? வாங்கிப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

வாங்கிப் படித்திருக்கிறேன், ஒன்றுக்கு மேல். நீங்கள் சொல்வதை வாங்க வேண்டாம்.

முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இரவில் எத்தனை டிகிரி இருக்கிறது? என்ன உரம், எவ்வளவு போடுகிறீர்கள்? செடி இடுப்பளவு செழித்துப் பூ மட்டும் உதிர்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இந்த இரண்டையும்தான். பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், இரவு 24-க்குக் கீழே இறங்காமல் இருந்தாலும் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும். மறுபக்கம் இரவு 13-க்குக் கீழே போனாலும் அதே கதை. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

மார்ச் 4

காலையில் இன்னொன்று தோன்றியது. அந்த 60 நாள் உத்தரவாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விதை முளைக்க ஒரு வாரம், சில சமயம் பத்து நாள். நாற்று பிடுங்கி நடும் அளவுக்கு வர 4 முதல் 6 வாரம். நட்ட பிறகு முதல் பழம் சிவக்க, ரகத்தைப் பொறுத்து 60 முதல் 80 நாள். மொத்தத்தில் மூன்றரை, நான்கு மாதம். கையேட்டை வாங்கிய அன்றே விதை போட்டாலும், அதில் சொன்னது பலித்ததா என்று தெரிவதற்குள் பணம் திரும்பக் கேட்கும் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். நாற்பதாவது நாளில் உங்களிடம் இருப்பது பச்சைப் பசேலென்ற நாற்று மட்டும்தான். யாருக்குத்தான் அப்போது திருப்தி இருக்காது?

பத்திருபது நாளில் அறுக்கும் கீரை வளர்ப்புக் கையேட்டுக்கு இதே உத்தரவாதம் கொடுத்தால் அது துணிச்சல். தக்காளிக்குக் கொடுப்பது சாமர்த்தியம்.

மார்ச் 4, மாலை

ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: "அப்படி என்னதான் எழுதியிருந்தது, ஒரு உதாரணம் சொல்லுங்கள்." சொல்கிறேன். விற்பவர் பெயரைக் கேட்காதீர்கள்.

நான் வாங்கியதில் ஒன்று, அட்டைப் படம் பிரமாதம். உள்ளே பாதிப் பக்கம் படம், மீதியில் பாதி "நீங்களும் வெற்றி பெறலாம்" ரகம். விஷயம் என்று இருந்தது ஒரு இருபது பக்கம் தேறும். அதில் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும் பிரச்சினைக்கு அரைப் பக்கம். சுண்ணாம்புச் சத்துக் (கால்சியம்) குறைவு, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், எப்சம் உப்பு ஒரு கரண்டி போடுங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

முதல் வரி சரி. அழுகிய காயில் கால்சியம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணில் குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் மண்ணில் வேண்டிய மட்டும் கிடக்கும். கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே நகரும். இலை ஓயாமல் நீரை ஆவியாக்குவதால் தண்ணீரும் கால்சியமும் அங்கே ஓடுகின்றன. காய்க்கு ஆவியாக்கும் வேலை மிகக் குறைவு, அதனால் அதற்குப் போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான். மண் இரண்டு நாள் காய்ந்து, மூன்றாம் நாள் வெள்ளமாக நனைந்தால் அந்த மிச்சமும் போகாது. காய் சின்னதாக, வேகமாகப் பருக்கும் நேரத்தில் இது நடந்தால் நுனியில் இருக்கும் செல்கள் உடைந்து கறுக்கும். நாம் கறுப்பைப் பார்ப்பது அப்புறம்.

ஆக மருந்து, ஒரே சீரான தண்ணீரும், மண்மேல் சருகோ வைக்கோலோ பரப்பிய மூடாக்கும்தான். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில், சில மண்ணில் வருடக்கணக்கில் ஆகும். இந்தச் செடியின் ஆயுளுக்குள் அது உதவாது. எப்சம் உப்பு இன்னும் மோசம். அதில் இருப்பது மெக்னீசியம். வேர் உறிஞ்சும் இடத்தில் அது கால்சியத்தோடு போட்டி போடும். காசு கொடுத்து வாங்கிய புத்தகம், இருக்கும் நோயை அதிகப்படுத்தும் மருந்தைச் சொல்கிறது! இலவசக் காணொளிகளிலும் இதே வைத்தியம் ஓடுகிறது என்பது வேறு விஷயம். ஆனால் அவை காசு கேட்கவில்லை.

மார்ச் 6

கேள்வி கேட்ட அக்கா பதில் போட்டிருக்கிறார். இரவு 26, 27 டிகிரியாம். உரம் வாரம் ஒரு தடவை, அதுவும் "நல்லா வளரட்டும்" என்று தழைச்சத்து தூக்கலான கலவை.

அப்படியென்றால் உரத்தை நிறுத்துங்கள். சூட்டுக்கு மதிய வெயிலை மட்டும் மறைக்கும் நிழல்வலை, தொட்டியைச் சூடேறாத தரையில் வைப்பது, மாலையில் தண்ணீர் என்று கொஞ்சம் தணிக்கலாம். அவ்வளவுதான். முக்கியமான ஒன்று: மகரந்தம் கெடுவது பூ விரிந்த பிறகு இல்லை. விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மொட்டாக இருக்கும்போதே சூடு அதைத் தொட்டுவிடும். ஆகவே இன்று இரவு குளிர்ந்தால் நாளைக்கே காய் பிடிக்காது. இரண்டு வாரம் பொறுத்துத்தான் பலன் தெரியும். அதற்குள் வேறு மருந்து வாங்கித் தெளித்துவிட்டு, அந்த மருந்தால்தான் காய்த்தது என்று சாட்சி சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். விளம்பரங்களின் கீழே இருக்கும் பாராட்டுக் கடிதங்களில் பாதி இப்படிப் பிறந்தவையாகத்தான் இருக்கும்.

மார்ச் 6

செடியைத் தொட்டால் கை மஞ்சள்பச்சையாக ஆகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அது சாதாரணம்தான். தக்காளித் தண்டிலும் இலையிலும் இருக்கும் நுண்ணிய மயிர்களின் பிசின் அது. சோப்புப் போட்டால் நுரையே மஞ்சளாக வரும், பயப்பட வேண்டாம். எந்தக் கையேட்டிலும் இதை நான் படித்ததில்லை. எழுதியவர் தக்காளிச் செடியைத் தொட்டவர்தானா என்று பார்க்க இது நல்ல சோதனை.

மார்ச் 11

ஒரு வாரமாக எல்லோரும் சேர்ந்து கையேடுகளைப் போட்டுத் துவைக்கிறோம். நானும் தொடங்கி வைத்தவன்தான். ஆனால் என் அத்தையின் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை.

அத்தை இணையத்தில் தேடித் தேடித் தக்காளி வளர்த்தவர். ஒருவர் பக்கக் கிளையைக் கிள்ளு என்பார், கிள்ளுவார். மறுநாள் இன்னொருவர் கிள்ளாதே என்பார், நிறுத்துவார். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், ஆஸ்பிரின் மாத்திரை என்று அந்தத் தொட்டி பார்க்காத வைத்தியம் இல்லை. அப்புறம் யாரோ சொல்லி விலைக்கு ஒரு புத்தகம் வாங்கினார். சுமாரான புத்தகம்தான், நான் புரட்டிப் பார்த்தேன். புதிதாக ஒரு வரி கிடையாது. ஆனால் அத்தை அதை மட்டும் பிடித்துக்கொண்டார். அதில் சொன்ன நாளில் நட்டார், சொன்ன நாளில் குச்சி கட்டினார், சொல்லாத எதையும் செய்யவில்லை. அந்தப் பருவத்தில் செடி தாங்காமல் காய்த்தது.

அவர் காசு கொடுத்தது தகவலுக்கு இல்லை என்று எனக்குப் பட்டது. "இதற்கு மேல் படிக்க வேண்டாம்" என்ற அனுமதிக்குக் கொடுத்தார். இலவசமாகக் கிடைப்பதற்கு முடிவே இல்லை. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது. அது ஒரு பெரிய சௌகரியம். மார்ச் 3-ல் அந்த அக்காவுக்கு நான் சொன்னது அவருடைய பிரச்சினைக்குச் சரி. எல்லோருக்கும் சரி என்று இப்போது சொல்ல மாட்டேன்.

மார்ச் 12

"கிள்ளுவதா வேண்டாமா, முடிவாகச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர். நேற்று அதைத் தொட்டிருக்கவே கூடாது.

உங்கள் ரகத்தைப் பொறுத்தது. தக்காளி இரண்டு குணம். ஒன்று கொடி மாதிரி நீண்டுகொண்டே போகும். நுனி வளர்வது நிற்காது, பூங்கொத்துகளுக்கு நடுவே மூன்று இலை இருக்கும். மற்றது புதராகக் குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும். நுனியிலேயே ஒரு பூங்கொத்து வந்து வளர்ச்சியை முடித்துவைக்கும், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் காய்த்துத் தீர்க்கும். இந்தப் புதர்க் குணம் 1914-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தானாக ஏற்பட்ட ஒரு மரபணு மாற்றம். இயந்திரத்தால் ஒரே மூச்சில் அறுவடை செய்யத் தோதாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

கொடி ரகத்தில் பக்கக் கிளையைக் கிள்ளி ஒன்றிரண்டு தண்டாக ஏற்றினால் காற்றோட்டமும் பெரிய காயும் கிடைக்கும். புதர் ரகத்தில் அதே வேலையைச் செய்தால், காய்க்க வேண்டிய கிளையை நீங்களே ஒடித்துப் போடுகிறீர்கள். இருவர் சொன்னதும் சரி, அத்தையின் தொட்டிக்கு எது என்று இருவருமே கேட்கவில்லை.

இப்போது கையேட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கம் பார்க்க விட்டால், நேராகக் கவாத்துப் பக்கத்தை, அதாவது கிளை கிள்ளுவதைச் சொல்லும் பக்கத்தைத் திறங்கள். "எந்த ரகம்" என்று கேட்காமல் கிள்ளச் சொன்னால் மூடிவைத்துவிடலாம். மற்ற பக்கங்களைப் பார்க்கவே தேவையில்லை.

மார்ச் 15

"அரசு, பல்கலைக்கழகக் கையேடுகள் இலவசம்தான், ஆனால் படிக்க முடியவில்லை, வறட்சி" என்று ஒரு தம்பி. உண்மைதான். ஆனால் வறட்சியில்தான் விஷயம் இருக்கிறது. உலகக் காய்கறி மையம் என்று ஒன்று தைவானைத் தலைமையிடமாகக் கொண்டு 1971-லிருந்து இயங்குகிறது. வெப்பம் தாங்கும் தக்காளி, வாடல் நோயை எதிர்க்கும் தக்காளி, கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டுவது என்று பல வேலை செய்தவர்கள். அவர்களுடைய வளர்ப்பு முறைக் குறிப்புகள் இலவசம். காசுக்கு விற்கும் பல கையேடுகளை விட அந்தச் சில பக்கங்களில் சாரம் அதிகம்.

கஷ்டம் எங்கே என்றால், அவை வயலுக்கு எழுதியவை. எக்டேருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். தொட்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? உதாரணத்துக்கு 100 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 என்றால் ஒரு எக்டேரில் சுமார் 37,000 செடி. ஒரு செடிக்கு 2.7 கிராம் சத்து. பயிர்க்காலம் முழுவதற்கும் சேர்த்து! நம்மில் பலர் ஒரு மாதத்திலேயே அதைத் தாண்டிவிடுவோம்.

ஆனால் வகுத்த கணக்கை அப்படியே தொட்டிக்கும் வைக்க முடியாது. வயலில் வேர் எட்டும் மண் வேறு, தொட்டியில் இருப்பது ஒரு கைப்பிடி. ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி அடித்துளை வழியே போகும், போகும்போது சத்தையும் கூட்டிக்கொண்டு போகும். எனவே தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இந்த மாற்றத்தை ஒருவர் நிதானமாகச் செய்து, 20 லிட்டர் தொட்டிக்கு இவ்வளவு, இந்த வாரம் இவ்வளவு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால், அதற்கு நான் காசு கொடுப்பேன். அது உழைப்பு. இலவசத் தாளை அழகான எழுத்துருவில் மாற்றி அடிப்பது உழைப்பில் சேராது.

மார்ச் 15, இரவு

20 லிட்டர் கட்டாயமா என்று கேட்காதீர்கள். கொடி ரகத்துக்கு அதுதான் குறைந்தபட்சம் என்பேன். குட்டை ரகங்கள் சின்னத் தொட்டியிலும் வரும். அடுத்த கேள்வி "வாளியில் வளருமா". வளரும், அடியில் துளை போட்டால்.

மார்ச் 19

ஒரே கையேட்டு உரை, நான்கு தலைப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மறுவிற்பனை உரிமையோடு எழுதி மொத்தமாக விற்கிறார்கள். வாங்குகிறவர் தன் பெயரையும் தன் அட்டையையும் போட்டுத் திரும்ப விற்கலாம், சட்டப்படியே. அதனால்தான் "முப்பது வருட அனுபவ விவசாயி" ஒருவரும், "மாடித்தோட்ட நிபுணர்" ஒருவரும், எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி யோசிக்கிறார்கள். இப்போது இயந்திரமே எழுதித் தள்ளுகிறது என்பதால் அந்தச் செலவும் அவர்களுக்கு மிச்சம்.

பிடிக்க ஒரு வழி: மாதிரிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விசித்திரமான வாக்கியம் ஒன்றை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். வேறு அட்டையில் அதே வாக்கியம் வந்து நின்றால் விஷயம் முடிந்தது. "தக்காளிக்குச் சூரிய ஒளி தேவை" மாதிரி வாக்கியத்தைத் தேடினால் உலகமே வந்து நிற்கும், அது கணக்கில்லை.

மார்ச் 20

எல்லாப் புத்தகமும் ஏமாற்று என்று நான் சொன்னதாக ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். ஐயா, 11-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

மார்ச் 28

இன்று பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடி போய்விட்டது. அதைப் பார்த்ததும் இந்த உரையாடல் இழை ஞாபகம் வந்தது, எழுதுகிறேன்.

நேற்று வரை நன்றாக இருந்த செடி. ஓர் இலைகூட மஞ்சளாகவில்லை. மதியத்தில் துவண்டது, மாலையில் நிமிர்ந்தது. மறுநாள் நிமிரவில்லை. அவர் கையில் ஒரு கையேடு இருந்தது, விலைக்கு வாங்கியதுதான். "செடி வாடினால் தண்ணீர் போதவில்லை" என்று அதில் இருந்ததால் இரண்டு குடம் ஊற்றியிருந்தார்.

தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுப்பக்கம் நீருக்குள் இருக்கும்படி பிடித்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழை ஒன்று, புகை மாதிரி, நேர்கீழே இறங்கியது. அப்புறம் இன்னொன்று. தம்ளரின் அடியில் பால் கலந்த மாதிரி கலங்கிவிட்டது. பாக்டீரியா வாடல். அந்த இழை முழுக்கக் கிருமி, தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் ஏறாது, பக்கத்துச் செடிக்குப் பரவத்தான் செய்யும். மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்தி, அந்த மண்ணில் பல வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வைக்காமல் இருக்க வேண்டும்.

வாடலுக்கு இன்னும் காரணங்கள் உண்டு. ஃபியூசேரியம் பூசணம் என்றால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், பல சமயம் செடியின் ஒரு பக்கம் மட்டும். தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு. வேர்முடிச்சு நூற்புழு என்றால் வேரைப் பிடுங்கினால் முண்டும் முடிச்சுமாக இருக்கும். தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறினாலும் வாடும், குறைந்தாலும் வாடும். ஐந்தும் மேலே பார்க்க ஒன்றுதான்.

எதற்குக் காசு கொடுக்கலாம் என்று கேட்டால் இதற்குத்தான். ஒரே மாதிரித் தெரியும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எப்படிப் பிரித்தறிவது என்று காட்டும் புத்தகம். இலை மேல்நோக்கிச் சுருள்கிறது: அடியிலையா, தடித்துப் பச்சையாகவே இருக்கிறதா? வெயில் அல்லது கவாத்தின் விளைவு, விட்டுவிடு. நுனியிலையா, சிறுத்து ஓரம் மஞ்சளாகிக் கிண்ணமாகக் குவிகிறதா? வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், பிடுங்கு. அடியிலை மஞ்சளா? ஒரே சீராக மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மெக்னீசியம், வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி என்றால் இலைக்கருகல். இந்த மாதிரிப் புத்தகம் எழுத, நோய் வந்த செடிகளை வருடக்கணக்காகப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். அட்டைப் படத்துச் சிவப்புத் தக்காளியை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். கருகிய இலையின் நல்ல படம் சுலபமாகக் கிடைக்காது.

மார்ச் 29

28-ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு பின்னிணைப்பு. அந்த வாடல் வந்த மண்ணில்தான் தோட்டம் போட்டாக வேண்டும் என்றால், எதிர்ப்புள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று ஒரு வழி. அதை நடும்போது, இரண்டும் சேரும் ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். சாதாரண நாற்றை ஆழமாக நடச் சொல்வார்கள், புதைந்த தண்டிலிருந்து புது வேர் வரும் என்பதால். நல்ல யோசனைதான். ஒட்டு நாற்றில் அதைச் செய்தால் மேல்செடி தானே வேர்விட்டு, நீங்கள் காசு கொடுத்த எதிர்ப்பு வேரைத் தாண்டி நோயை நேராக உள்ளே வாங்கிக்கொள்ளும்.

இதையும் கையேட்டுச் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாம். "ஆழமாக நடுங்கள்" என்ற வரியின் பக்கத்தில் "ஒட்டு நாற்றைத் தவிர" என்று இருந்தால், எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 2

அக்காவிடமிருந்து நல்ல செய்தி. இரவு 22-க்கு இறங்கிய பிறகு வந்த மொட்டுகளில் நான்கைந்து காய் பிடித்திருக்கிறது. யாரோ சொல்லிப் பல் துலக்கும் மின்தூரிகையைப் பூங்காம்பில் வைத்து அதிரவிட்டாராம். "இது கிண்டலா, உண்மையா?" என்று கேட்கிறார்.

உண்மைதான் அக்கா. தக்காளிப் பூவுக்குள்ளேயே ஆண், பெண் இரண்டும் உண்டு, தன் மகரந்தமே போதும். ஆனால் மகரந்தப் பைகள் கூம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதிர்ந்தால்தான் துளை வழியே கொட்டும். வெளியே காற்று அந்த வேலையைப் பார்த்துவிடும். கண்ணாடிக் கூடாரத்தில் காற்று இல்லை, அதனால் ஆட்கள் அதிர்வுக் கருவியோடு பூப்பூவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1980-களின் இறுதியில் ஐரோப்பாவில் பம்பிள் தேனீக்களை வளர்த்து விற்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வேலை பெரும்பாலும் ஒழிந்தது. அந்தத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைக்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

தூரிகை இல்லாவிட்டால் நடுப்பகலில் குச்சியை விரலால் நாலு தட்டுத் தட்டினாலே போதும். ஈரமான காலையில் செய்ய வேண்டாம், மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். சூட்டில் கெட்டுப்போன மகரந்தத்தை எவ்வளவு அதிரவிட்டாலும் பயன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் யாராவது விற்கும் "ரகசியம்" ஆகிவிடும்.

ஏப்ரல் 3

யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் பிடிஎஃப்பை இங்கே பகிரலாமே என்று ஒருவர். வேண்டாம். மோசமான புத்தகமானாலும் திருட்டு திருட்டுதான். தவிர, மோசமான புத்தகத்தை ஏன் பகிர வேண்டும்?

ஏப்ரல் 9

கையேட்டுக்கு வைத்த காசில் வேறு என்ன வாங்கலாம் என்ற கேள்வி நன்றாக இருக்கிறது. என் வரிசை இது. முதலில் நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் பிடித்து வைக்கும் வெப்பமானி. இந்த இழையின் முதல் கேள்விக்கு விடை அதில்தான் இருந்தது. அப்புறம், தரையில் வளர்ப்பவர் என்றால் மண் பரிசோதனை. கார அமில நிலை 6-க்கும் 6.8-க்கும் நடுவில் இருந்தால் பாதிக் கவலை விட்டது. மூன்றாவது, நல்ல விதை.

விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் இருக்கும், பலர் அதைப் படிப்பதே இல்லை. வி என்றால் வெர்டிசீலியம் வாடல், எஃப் என்றால் ஃபியூசேரியம், என் என்றால் நூற்புழு, டி என்றால் புகையிலைத் தேமல் வைரஸ். இந்த எழுத்து இருந்தால் அந்த நோய்க்கு எதிர்ப்பு உண்டு என்று அர்த்தம். நூற்புழு உள்ள மண்ணில் "என்" எழுத்து இல்லாத ரகத்தை நட்டுவிட்டு எந்தக் கையேட்டைப் படித்தும் பிரயோஜனம் இல்லை. எதிர்ப்பு என்றால் நோயே வராது என்று இல்லை, வெயில் உச்சத்தில் நூற்புழு எதிர்ப்பு தளர்ந்துபோவதும் உண்டு. இருந்தாலும் ஓர் எழுத்து நாற்பது பக்கத்துக்குச் சமம்.

ஏப்ரல் 10

பழத்திலிருந்து நாமே விதை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வீரிய ஒட்டு ரகத்தின் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது) பழத்திலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. ஆம், முளைக்கும். ஆம், காய்க்கும். எது மாதிரி என்பது சீட்டுக்குலுக்கல். இதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

மே 14

அக்கா மறுபடியும். இந்த முறை கையேட்டோடு வந்திருக்கிறார்! நாங்கள் இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தியும் வாங்கியே விட்டார். "ஆர்வம் தாங்கவில்லை" என்கிறார். சரி, அது அவர் காசு. பூ உதிர்வதைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பத்தி இருக்கிறதாம், அதில் இரவு வெப்பமும் வருகிறதாம், எண்ணும் சரிதானாம். நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், நான் எதிர்பார்த்ததை விட மேல். மூன்று இலவச இணைப்புகளில் ஒன்று தக்காளிச் சமையல் குறிப்பு, ஒன்று கீரை வளர்ப்பு, ஒன்று திறக்கவே இல்லை.

அவருடைய இப்போதைய சிக்கல் வேறு. காய் முழு அளவு பருத்துவிட்டது, ஆனால் மஞ்சள் ஆரஞ்சு நிறத்தோடு நிற்கிறது. கையேடு "செடியிலேயே முழுக்கச் சிவக்க விடுங்கள்" என்கிறது. வெயில் ஏறிவிட்டதால் பகல் 36 டிகிரி.

அக்கா, அந்த வரி மிதமான பருவத்துக்கு எழுதியது. தக்காளியின் சிவப்பு, லைகோபீன் என்ற நிறமி. 30 டிகிரியைத் தாண்டினால் அது உருவாவது குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். மஞ்சள் நிறமி மட்டும் தொடர்ந்து உருவாகும். நீங்கள் காத்திருக்கக் காத்திருக்கப் பழம் தோல் வெடிக்கும் அல்லது பறவை கொத்தும், சிவக்காது. பச்சை வெளுத்து அடியில் லேசாக நிறம் எட்டிப் பார்க்கும் நேரத்திலேயே பறித்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் பழம் செடியிலிருந்து வாங்க வேண்டியதைப் பெரும்பாலும் வாங்கி முடித்திருக்கும். வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில், 20 முதல் 25 டிகிரியில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பிவையுங்கள். சீக்கிரம் வேண்டுமென்றால் ஏற்கெனவே பழுத்த ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றவற்றைக் கிளப்பிவிடும். சிவக்கும் முன் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே போனால் பழுப்பது தடுமாறும், மணமும் போய்விடும்.

மே 14, சற்று நேரம் கழித்து

ஜன்னலோரம் வைத்தால் வெயிலில் சீக்கிரம் சிவக்குமா என்று உடனே ஒரு கேள்வி. சிவக்க வெளிச்சம் தேவையில்லை. ஜன்னல் வெயில் அந்தப் பழத்தை மறுபடி 30-க்கு மேல் ஏற்றிவிடும்.